குடை ராட்டினத்தில் யாருக்கு இடம்?

வாஷிங்டன் நகரத்திலிருந்து போட்டோமாக் ஆற்றை ஒட்டி வடமேற்கே கொஞ்ச தூரம் போனால், மேரிலாந்து மாநிலத்தின் க்ளென் எக்கோ வரும். ரொம்பச் சின்ன ஊர். அங்கே 1921ல் நிறுவிய குடை ராட்டினம் ஒன்று கோடை மாதங்களில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 40 குதிரைகள், 4 முயல்கள், 4 நெருப்புக்கோழிகள், ஆளுக்கொன்றாகச் சிங்கம், புலி, மான், ஒட்டகச்சிவிங்கி. ஆக 52 விலங்குகள், கூடவே இரண்டு ரதங்கள். எல்லாம் கையால் செதுக்கிய மரம். 1926ம் வருடத்து வர்லிட்சர் வாத்தியப் பெட்டி ஒன்று, ஓட்டை போட்ட காகிதச் சுருளைப் படித்துத் தானாகவே பேண்டு வாசிக்கிறது.

இந்த ராட்டினத்துக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று மரச்சிற்பக் கலையின் வரலாற்றில் வருகிறது. இன்னொன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் வருகிறது. முதலாவதைக் காப்பாற்றுவது சுலபம் என்று சொல்ல முடியாது. அதற்குப் பணம் வேண்டும், பல வருட உழைப்பு வேண்டும். ஆனால் அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டாவதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஏனென்றால் அதை நினைவில் வைத்துக்கொள்ள எல்லோருக்கும் விருப்பமில்லை.

கேளிக்கைப் பூங்காக்களை ‘பாரம்பரியம்’ என்று யாரும் நினைக்கத் தொடங்கியதே ரொம்பத் தாமதமாகத்தான். அரண்மனை, தேவாலயம், போர்க்களம் இவைதான் வரலாறு. ஐந்து காசு கொடுத்து ஏறி இறங்குகிற ராட்டினத்தில் என்ன இருக்கு? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்தப் பூங்காக்கள் எப்படி வந்தன என்று முதலில் பார்க்கணும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் வந்தது. வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களால் வண்டி நிரம்பும். ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடும். டிராம் கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. தடம் முடிகிற இடத்தில் ஒரு பூங்கா போடு. நடன அரங்கு, நீச்சல் குளம், ராட்டினம் வை. ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு தாங்களே வருவார்கள். இப்படி நாடு முழுக்க முளைத்தவற்றுக்கு டிராம் பூங்காக்கள் என்றே பெயர். தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கையில் கொஞ்சம் காசும் கிடைத்த காலத்தின் நேரடிச் சாட்சி அவை.

க்ளென் எக்கோ தொடங்கியது வேறு மாதிரி. 1891ல் பால்ட்ஸ்லி என்ற இரட்டைச் சகோதரர்கள் அங்கே ஷட்டாக்வா என்ற அறிவு மன்றத்தை நிறுவினார்கள். சொற்பொழிவும் இசையும் சமயப் பேச்சும் கலந்த கோடைக்காலக் கல்விக்கூடம் அது. அந்த இடத்தில் மலேரியா இருக்கிறது என்று வதந்தி கிளம்பியது. மன்றம் நொடித்துப்போனது. கொஞ்சம் கொஞ்சமாக இடம் கேளிக்கைப் பூங்காவாக மாறி, 1911ல் டிராம் கம்பெனியின் கைக்கு வந்தது. பத்து வருடம் கழித்து வந்து சேர்ந்தது இந்தக் குடை ராட்டினம்.

அதைச் செய்தது பிலடெல்பியாவின் டென்ட்ஸல் பட்டறை. ஜெர்மனியில் ராட்டினம் செய்துவந்த குடும்பம் அது. மகன் குஸ்தாவ் டென்ட்ஸல் அமெரிக்காவுக்குக் குடியேறி 1867ல் பட்டறை போட்டார். அவருக்குப் பிறகு அவர் மகன் வில்லியம் நடத்தினார். சிசிலியிலிருந்து வந்த சால்வதோரே செர்னில்யாரோ போன்ற தச்சர்கள் அங்கே உளி பிடித்தார்கள். குதிரையின் உடம்பு ஒரே கட்டையில் செதுக்குவதல்ல. பலகைகளை ஒட்டி உள்ளே கூடான பெட்டியாகச் செய்வார்கள். இல்லாவிட்டால் மரம் காய்ந்து வெடிக்கும், பாரமும் தாங்காது. தலை, கால், வால் தனித்தனியே செதுக்கிப் பொருத்துவார்கள். அமெரிக்க ராட்டினம் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே குதிரையின் வலப்பக்கம்தான் வெளியே நிற்பவர் கண்ணில் படும். பூவேலை, பட்டை, மணி எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். உள்பக்கம் எளிமையாக இருக்கும். நம் ஊரில் குதிரை வாகனம் செய்கிற ஸ்தபதியிடம் காட்டினால், ஒட்டு எங்கே இருக்கிறது என்று தொட்டே சொல்லிவிடுவார்.

நியூயார்க் புரூக்ளினில் இதே வேலையைச் செய்தவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தச்சர்கள். யூத ஆலயங்களுக்குச் சிங்கம் செதுக்கிய கைகள் கோனி ஐலண்டுக்குக் குதிரை செதுக்கின. ஆக, ஒரு குடை ராட்டினம் என்பது குடியேறிகளின் கைவேலை, தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமை, மின்சாரக் கம்பெனியின் லாபக்கணக்கு மூன்றும் சேர்ந்து சுற்றுகிற வட்டம். இது வரலாறு இல்லை என்றால் வேறு எது வரலாறு?

இனி இரண்டாவது கதை.

க்ளென் எக்கோவுக்குள் போக நுழைவுச்சீட்டு கிடையாது. யாரும் உள்ளே நடந்து போகலாம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக டிக்கெட். வாஷிங்டன் வட்டாரமே வரும்படி பத்திரிகையில், வானொலியில் விளம்பரம் போகும். ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று விளம்பரத்தில் இருக்காது. டிக்கெட்டிலும் இருக்காது. ஆனால் கறுப்பினத்தவர் யாராவது வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அப்படிப்பட்ட சட்டத்தை உடைப்பதுதான் ரொம்பக் கஷ்டம். கிழித்துப் போட ஒரு பலகைகூட இல்லையே!

1960 ஜூன் 30. ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்களை மையமாகக் கொண்ட ‘வன்முறையற்ற செயல் குழு’வைச் சேர்ந்த இளைஞர்கள் பூங்காவுக்கு வந்தார்கள். அந்த வருடம் பிப்ரவரியில்தான் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்து மறியல் செய்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார்கள். அதே முறை இங்கே ராட்டினத்துக்கு வந்தது. நண்பர்கள் முன்கூட்டியே வாங்கிக் கொடுத்த டிக்கெட்டுகளோடு ஐந்து பேர் ஏறி மரக்குதிரைகளிலும் மற்ற விலங்குகளிலும் உட்கார்ந்தார்கள்: வில்லியம் கிரிஃபின், மார்வஸ் சாண்டர்ஸ், மைக்கேல் ப்ராக்டர், செசில் வாஷிங்டன், க்வென்டலின் கிரீன். ராட்டினம் ஓடவில்லை. காவலாளி வந்தார். அவர் போராட்டக்காரர் ஒருவரிடம், நீ எந்த இனம் என்று கேட்டார். மனித இனம் என்று பதில் வந்தது.

காவலாளி ஐந்து நிமிடம் அவகாசம் கொடுத்தார். யாரும் இறங்கவில்லை. அத்துமீறி நுழைந்த குற்றத்துக்காகக் கைது செய்தார்கள்.

இந்தக் காவலாளி பூங்காவுக்காகத் தனியார் காவல் நிறுவனம் அனுப்பியவர். ஆனால் பூங்கா கேட்டுக்கொண்டதன் பேரில் மாவட்ட ஷெரீஃபின் உதவி அதிகாரி என்ற பட்டயமும் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. சட்டையில் அந்த வில்லையைக் குத்தியிருந்தார். இந்தச் சின்ன வில்லைதான் பின்னால் வழக்கையே திருப்பியது. தனியார் இடத்தில் தனியார் பாரபட்சம் காட்டினால் அரசியல் சட்டம் தலையிடாது என்பது அன்றைய நிலை. ஆனால் வெளியேற்றியவர் அரசு அதிகாரத்தைக் காட்டித்தானே வெளியேற்றினார்? ‘கிரிஃபின் எதிர் மேரிலாந்து’ வழக்கில் 1964 ஜூன் 22 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் காரணமாகச் சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. தலைமை நீதிபதி வாரன் தீர்ப்பை எழுதினார். பத்து நாள் கழித்து ஜூலை 2 அன்று குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது.

தீர்ப்புக்கு முன்பே பூங்கா மாறிவிட்டது. அதைச் செய்தது தெரு. 1960 கோடை முழுக்க வாசலில் மறியல் நடந்தது. பக்கத்திலிருந்த பானக்பர்ன் குடியிருப்பு கூட்டுறவு முறையில் உருவானது. யூதக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த இடம். அங்கிருந்து அம்மாக்கள், குழந்தைகள், தொழிற்சங்கக்காரர்கள் மாணவர்களோடு வந்து பதாகை பிடித்தார்கள். எதிர்ப்பக்கம் அமெரிக்க நாஜிக் கட்சிக்காரர்கள் தங்கள் பதாகையோடு நின்றார்கள். 1961 மார்ச்சில், அந்த வருடம் கதவு எல்லோருக்கும் திறக்கும் என்று உரிமையாளர்கள் அறிவித்தார்கள்.

அந்தக் கோடையின் மறியல் வரிசையில் நின்றவர்களில் ஹாங்க் தாமஸ், டயன் டயமண்ட், ஸ்டோக்லி கார்மைக்கேல் ஆகியோர் அடுத்த வருடம் ‘விடுதலைப் பயணிகள்’ ஆனார்கள். 1961 மே மாதம் அலபாமாவின் ஆனிஸ்டன் அருகே கும்பல் தீவைத்த பேருந்துக்குள் ஹாங்க் தாமஸ் இருந்தார். ராட்டினத்தில் உட்கார்ந்த க்வென்டலின் கிரீன் திருமணத்துக்குப் பின் க்வென்டலின் பிரிட் ஆனார். பல வருடம் கழித்து, தன்னைக் கைது செய்த அதே மேரிலாந்தின் செனட்டில் உறுப்பினராக உட்கார்ந்தார்.

ஒரு ராட்டினத்துக்காகவா இவ்வளவு? வாக்குரிமை இல்லை, பள்ளியில் இடமில்லை, வீடு கிடைக்கவில்லை; இதற்கு நடுவில் ராட்டினமா முக்கியம் என்று அன்றைக்கும் சிலர் கேட்டார்கள். பதிலை மார்ட்டின் லூதர் கிங் 1963ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் பார்க்கலாம். தொலைக்காட்சியில் விளம்பரம் வந்த கேளிக்கைப் பூங்காவுக்குப் போகணும் என்று ஆறு வயது மகள் கேட்கிறாள். கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று அப்பாவுக்கு நாக்கு எழவில்லை. வாக்குரிமை என்ன என்று அந்த வயதில் தெரியாது. ராட்டினம் தெரியும். தான் யார், ஊர் தன்னை எங்கே வைத்திருக்கிறது என்பதைக் குழந்தை முதன்முதலில் தெரிந்துகொண்ட இடம் பல வீடுகளில் பூங்கா வாசல்தான்.

பால்டிமோர் பக்கத்தில் க்வின் ஓக் என்று இன்னொரு பூங்கா. அங்கே மறியல் 1955லேயே தொடங்கி வருடா வருடம் நடந்தது. 1963 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, பாதிரியார்களும் யூத குருமார்களும் முன்னால் நிற்க நடந்த போராட்டத்தில் 283 பேர் கைதானார்கள். கடைசியில் உரிமையாளர்கள் இறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் கதவு திறந்த நாள் 1963 ஆகஸ்ட் 28. அன்றைக்குத்தான் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். கிங்கின் புகழ்பெற்ற உரை நடந்தது. அதே நாளில் க்வின் ஓக்கின் குடை ராட்டினத்தில் ஷரன் லாங்லி என்ற குழந்தையை அவள் அப்பா ஏற்றி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அங்கே ராட்டினம் ஏறிய முதல் கறுப்பினக் குழந்தை அவள்.

கதவு திறந்த பிறகு இந்தப் பூங்காக்கள் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. க்ளென் எக்கோவில் 1966 ஈஸ்டர் திங்கட்கிழமை தகராறு ஏற்பட்டது. பூங்காவைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள், நகரத்துக்குத் திரும்பப் பேருந்து இல்லை. கறுப்பின இளைஞர்கள் மைல் கணக்கில் நடந்தே வீடு திரும்ப வேண்டியதாயிற்று. பத்திரிகைகளில் பெரிதாக வந்தது கலவரம்தான். 1968 பருவத்தோடு பூங்கா மூடப்பட்டது. க்வின் ஓக்கை 1972ல் ஆக்னஸ் புயலின் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

நாடு முழுக்க இதே மாதிரி பல பூங்காக்கள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மூடின. டிராம் நின்றது, எல்லோர் வீட்டிலும் கார் வந்தது, டிஸ்னிலேண்ட் வந்தது, நிலத்தின் விலை ஏறியது. இவையெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் ‘கண்டவர்கள் வர ஆரம்பித்ததும் கெட்டுப்போச்சு’ என்று ஒரு விளக்கமும் கூடவே உலவியது. வரலாற்றாசிரியர் விக்டோரியா வோல்காட் 2012ல் வெளியிட்ட நூல், கேளிக்கை இடங்களில் நடந்த இனப் போராட்டத்தை விரிவாகப் பேசுகிறது. ‘அந்தக் காலப் பூங்கா எவ்வளவு அமைதி, எவ்வளவு சுத்தம்’ என்ற ஏக்கத்துக்குப் பின்னால் யாரை வெளியே நிறுத்தி அந்த அமைதி வந்தது என்ற கேள்வி இருக்கிறது. பாரம்பரியத்தைக் காக்கிறேன் என்று கிளம்புகிற எவரும் முதலில் தடுக்கி விழுகிற கல் இதுதான். பழைய படம், பழைய டிக்கெட், பழைய சாயம் எல்லாவற்றையும் சேகரித்துவிடலாம். படத்தில் இல்லாதவர்களை எப்படிச் சேகரிப்பது?

க்ளென் எக்கோ ராட்டினம் தப்பித்த கதைக்கு வருவோம். 1970ல் பூங்காவின் விளையாட்டுச் சாதனங்களை விற்றார்கள். ரோலர் கோஸ்டர் போனது. குடை ராட்டினமும் விலை போய்விட்டது. அப்போது ஊர் மன்ற உறுப்பினர் நான்சி லாங் முன்னின்று அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார். 80,000 டாலர் சேர்த்து ராட்டினத்தைத் திரும்ப வாங்கினார்கள். அதே சமயம் நிலம் மத்திய அரசின் கைக்கு மாறி, தேசியப் பூங்காத் துறையிடம் வந்தது.

இதன் அருமையைப் புரிந்துகொள்ள, மற்ற ராட்டினங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கணும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் மர ராட்டினங்கள் சுற்றின. இன்று முழுமையாக மிஞ்சியவை இருநூறுக்கும் குறைவு. தீ, வெள்ளம், கறையான் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அன்பே ஆபத்தாக வந்தது. எழுபதுகளுக்குப் பின் மரக்குதிரை கலைப்பொருள் ஆயிற்று. சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு குதிரைக்கும் ஏலத்தில் போட்டி போட்டார்கள். அபூர்வமான ஒரு விலங்கு லட்சம் டாலரையும் தாண்டியது. முழு ராட்டினமாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் லாபம். விளைவு, ஐம்பது பேர் ஏறிச் சுற்றியது ஐம்பது வரவேற்பறைகளில் ஒற்றைக் காலில் நின்றது. குதிரை பிழைத்தது, ராட்டினம் செத்தது. இதைத் தடுக்கத்தான் 1973ல் தேசிய ராட்டினச் சங்கம் ஒன்று தொடங்கி, எங்கெங்கே எது மிச்சம் என்று கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள்.

ராட்டினத்தின் பாரம்பரியம் சுற்றுவதில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அது சிற்பம். சுற்றினாலோ தேயும். குழந்தைகளின் செருப்பு உரசும், பித்தளைக் கம்பியில் கை படும், மழைக்காலத்தில் மரம் உப்பும். பூங்காக்காரர்கள் இதற்கெல்லாம் கண்ட மருந்து, மேலே ஒரு பூச்சுப் பெயிண்ட். வருடங்கள் போகப்போகப் பூச்சின் மேல் பூச்சு ஏறி, உளியின் கூர்மையே மறைந்துபோகும். க்ளென் எக்கோவில் ரோஸா பேட்டன் என்ற கலைஞர் 1983ல் இந்த வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு விலங்காக மேல்பூச்சுகளை நீக்கி, அடியில் இருந்த 1921ம் வருடத்து நிறத்தைக் கண்டுபிடித்து மீட்டார். முடிக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆயிற்று. இத்தனைக்கும் நடுவில் கோடை வந்தால் ராட்டினம் சுற்றியாகணும்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. எந்த நிறத்துக்குத் திரும்புவது? 1921ன் நிறம்தான் டென்ட்ஸல் பட்டறையின் நிறம். கலையின் கண்ணால் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் 1960 ஜூன் 30 அன்று அந்த ஐந்து பேர் உட்கார்ந்தபோது குதிரைகள் அந்த நிறத்தில் இல்லை. மேல்பூச்சு ஒவ்வொன்றும் ஒரு காலம். மூலத்தைத் தேடிச் சுரண்டும்போது இடையில் நடந்ததும் உதிர்ந்து போகிறது. வேறு வழியும் கிடையாது. ஒரே குதிரை இரண்டு நிறத்தில் இருக்க முடியாது. அதனால்தான் மரத்தால் சொல்ல முடியாததைச் சொல்ல, எழுத்தும் பேச்சும் வேண்டியிருக்கிறது. பூங்காத் துறையின் வழிகாட்டிகள் இன்று டென்ட்ஸலைப் பற்றிச் சொல்வதோடு கிரிஃபினையும் சாண்டர்ஸையும் பற்றிச் சொல்கிறார்கள். 1933ல் கட்டிய ஸ்பானிஷ் நடன அரங்கில் இப்போது யார் வேண்டுமானாலும் வந்து ஆடுகிறார்கள். 1931ல் திறந்த கிரிஸ்டல் நீச்சல் குளத்தில் மிஞ்சியது முகப்பு மட்டும். குளத்தை மூடிவிட்டார்கள். நுழைவாயில் இருக்கிறது, நுழைவதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பூங்காவின் கதையை ராட்டினத்தைவிட நன்றாக அந்த வாசல் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

க்வின் ஓக்கின் ராட்டினம் மர ராட்டினம் அல்ல. 1947ல் ஆலன் ஹெர்ஷல் கம்பெனி செய்தது. அப்போது உளித் தச்சர்களின் காலம் முடிந்து உலோக வார்ப்பு வந்துவிட்டது. கலைச் சந்தைக்காரரைக் கேட்டால் டென்ட்ஸலுக்குப் பக்கத்தில் இது நிற்காது என்பார். ஆனால் 1981ல் இது வாஷிங்டனின் நேஷனல் மாலுக்கு, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களின் முன்னால், வந்து சேர்ந்தது. 1963 ஆகஸ்ட் 28ன் பேரணி நின்ற அதே புல்வெளியின் மறுகோடி அது. அதன் ஒரு குதிரையில் ஷரன் லாங்லியின் பெயரைப் பொறித்தார்கள். சுற்றுலா வந்த குழந்தைகள் டிக்கெட் கொடுத்துவிட்டு, பிடித்த குதிரையைப் பார்த்து ஓடி ஏறுவார்கள். அதில் எந்தக் குழந்தை எந்தக் குதிரையில் ஏறலாம் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் கேட்டார்கள் என்பது அந்தப் பெயரை நின்று படிப்பவருக்குத் தெரியும்.